நிலக்கீழ்த் தளத்தில் மின்பெட்டியை மறைப்பது குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கீழ்த் தளத்தை விருந்தினர் கூடம் போல மாற்றிக்கொள்வது பற்றித் தங்கள் பத்திரிகையின் வீட்டு அலங்காரப் பக்கத்தில் சில வாரங்களுக்கு முன் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். சுவரின் நிறம், விளக்குகள், தரைப்பலகை ஆகியவை பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால், வீட்டு மின்சாரம் முழுவதையும் கட்டுப்படுத்தும், பார்வைக்கு அழகில்லாத மின்பெட்டியை ஒரு பெரிய அலுமாரியால் மறைத்துவிடலாம் என்று அதில் போகிற போக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு வரி என்னைக் கவலைகொள்ள வைத்தது. ஒன்ராறியோவில் உரிமம் பெற்று நெடுங்காலமாக வீட்டு மின்வேலை செய்துவருபவன் என்ற முறையில், அந்த வரியை நம்பி யாராவது செயற்படுமுன் இக்கடிதம் வெளிவர வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறைக்க விரும்புவோரை நான் குறை சொல்லவில்லை. ரொறன்ரோப் பகுதியில், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம்மவர்கள் வாங்கியிருக்கும் வீடுகளில், ‘பேனல்’ என்று நாம் எல்லோரும் சொல்லும் சாம்பல் நிறத் தகரப் பெட்டி பெரும்பாலும் நிலக்கீழ்த் தளத்துக் கொங்கிறீற்றுச் சுவரில், ஒரு பிளைவுட் பலகையின் மேல், நாலாபுறமும் வயர்கள் ஓட, சோபா போட நினைக்கும் இடத்துக்கு நேரெதிரே பொருத்தப்பட்டிருக்கும். பெரும் பணம் செலவழித்து அந்தத் தளத்தைக் கட்டி முடிப்பவர்களுக்கு அது கண்ணை உறுத்துவது இயல்பு. ஊரில் மெயின் சுவிட்ச் முன் விறாந்தையில், வீட்டுக்கு வருகிற எவரும் பார்க்கும் இடத்தில் இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. சிறுபிள்ளைக்கும் அது இருக்கும் இடம் தெரியும். இங்கே அது நிலத்துக்குக் கீழே போய்விட்டதால், பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதைத் திறந்தே பார்க்காதவர்களை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன்.

இரண்டு பனிக்காலங்களுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்காபரோவில் ஒரு வீடு. மேலே உரிமையாளர் குடும்பம், கீழே வாடகைக்கு ஒரு மாணவி. இந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. ஒரு ஜனவரி இரவு அவருடைய கட்டிலுக்குப் பின்னாலிருந்த பிளக் பொயின்ற்றில் இருந்து புகை வந்திருக்கிறது. பெரியவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள்; வீட்டில் இருந்தவர் அவர்களுடைய மகன் மட்டுமே. மின்பெட்டி எங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியும், ஆனால் அதைத் தொட முடியவில்லை. தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் மின்பெட்டியின் மேல் ஒரு டிரைவால் பலகையை (சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) வைத்து, எட்டுத் திருகாணிகளால் முடுக்கி, சுவரோடு சுவராகப் பெயின்ற் அடித்துவிட்டுப் போயிருந்தார். திருகாணித் தலைகளுக்குள் பெயின்ற் இறுகியிருந்தது. அந்த மகன் கைத்தொலைபேசி வெளிச்சத்தில், குசினிக் கத்தியால் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றியிருக்கிறார். மறுநாள் காலையில் நான் போனபோது, முனை முறிந்த அந்தக் கத்தி மின்பெட்டியின் மேற்புறத்தில் அப்படியே கிடந்தது. பிளக் பொயின்ற்றின் ஒரு பக்கம் உருகி வழிந்து, பின்னாலிருந்த மரத்தூண் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த மகன் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “அண்ணை, பிரேக்கர் ஏன் தானாக விழவில்லை?” இந்தக் கேள்விக்கான விடையை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பிரேக்கர் என்பது ஒரு வயரில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் போனால், அல்லது குறுக்குச்சுற்று ஏற்பட்டால், இணைப்பைத் துண்டிக்கும் கருவி. 1500 வாற்று வெப்பமூட்டி ஒன்று 120 வோல்ற்றில் 12.5 அம்பியர் எடுக்கும். 15 அம்பியர் பிரேக்கரின் கண்ணில் இது பிழையே இல்லை. ஆனால் அதைச் செருகியிருக்கும் பிளக் பொயின்ற்றில் வயரைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருந்தால், அதே 12.5 அம்பியர் அந்தத் தளர்ந்த இடத்தைக் கடக்கும்போது அங்கே மட்டும் சூடு ஏறிக்கொண்டே போகும். பெட்டிக்குள் இருக்கும் சாதாரண பிரேக்கருக்கு அது தெரியாது. தீப்பொறியை உணர்ந்து துண்டிக்கும் புதுவகைப் பிரேக்கர்கள் இப்போது புதிய இணைப்புகளுக்குப் போடப்படுகின்றன. அவை ஓரளவு உதவும். நாம் குடியிருக்கும் பழைய வீடுகளில் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. எனவே, மனிதன் நடந்து போய்க் கையால் அணைக்க வேண்டிய வேளை உண்மையிலேயே வரும். மின்பெட்டிக்கு முன்னால் நாம் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்ற கேள்வியை அந்த வேளையை மனத்தில் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

ஒன்ராறியோ மின்பாதுகாப்பு விதிக்கோவை இதில் தெளிவாகவே பேசுகிறது. மின்பெட்டிக்கு முன்னால், உறுதியாகக் கால் ஊன்றி நிற்கத்தக்க, குறைந்தது 1 மீட்டர் வேலைசெய்யும் இடம் எப்போதும் இருக்க வேண்டும். கதவுகள் குறைந்தது 90 பாகை திறக்க வேண்டும். வீடுகளில் எந்தப் பிரேக்கரின் கைபிடியும் முடிக்கப்பட்ட தரையிலிருந்து 1.7 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தளத்தின் தரையை உயர்த்துபவர்களுக்கு இதனால் சிக்கல் வராது, தாழ்த்தித் தோண்டுபவர்கள் அளந்து பார்க்க வேண்டும். உடுப்பு அலுமாரி அறைக்குள்ளும், குளியலறைக்குள்ளும், படிக்கட்டிலும் மின்பெட்டி இருக்கக் கூடாது. ஆகவே, தங்கள் கட்டுரை சொன்ன பெரிய அலுமாரி, ஒரு மீட்டர் இடத்தைப் பறிப்பதால் ஒரு பிழை. அதற்குள் உடுப்பும் தொங்குமானால் இரண்டு பிழை. யூரியூப்பில் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வேலை செய்பவர்களும் கவனிக்க வேண்டும். அங்கே முன்னிடம் 36 அங்குலம் என்று சொல்வார்கள். அது ஒரு மீட்டருக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவு. அந்த அளவில் கட்டிய சுவரை இங்கே பரிசோதகர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

ஒரு மீட்டர் எதற்கு என்று பலர் என்னிடம் சலித்துக்கொள்வதுண்டு. மெயின் பிரேக்கரை அணைத்தால் வீடு முழுவதும் மின்சாரம் போய்விடும் என்பது சரி. ஆனால் மீட்டரில் இருந்து வந்து அந்த மெயின் பிரேக்கரில் பூட்டப்பட்டிருக்கும் இரண்டு தடித்த வயர்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கிடையே 240 வோல்ற்று. மூடியைக் கழற்றி வேலை செய்பவன் அந்த இரண்டு வயர்களுக்குச் சில அங்குல தூரத்தில் கையை வைத்திருக்கிறான். அவன் சட்டென்று பின்வாங்க வேண்டி வந்தால் முதுகில் சோபாவோ, புத்தக அடுக்கோ முட்டக் கூடாது.

இனி, மறைப்பதை எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன். கடந்த ஆண்டு மல்வேர்ன் பகுதியில் ஒரு குடும்பத்துக்கு நாங்கள் செய்து கொடுத்த வேலை எனக்கு மனநிறைவு தந்தது. மின்பெட்டியைச் சுற்றி மரச்சட்டம் அடித்துச் சுவர் எழுப்பும்போது, அதன் தகர மூடியைவிட நாற்புறமும் இரண்டு அங்குலம் கூடுதலாகத் திறப்பு விட்டோம். மூடியைக் கழற்றும்போது டிரைவால் ஓரம் உடையாமல் இருக்க இது அவசியம்; இதை மறந்து, மூடியின் மேல் டிரைவாலைக் கொண்டுவந்து ஒட்டிவிடுபவர்கள் ஏராளம். பிறகு அந்தத் திறப்புக்கு ஒரு மெல்லிய மரக்கதவு செய்து, சுவரின் நிறமே அடித்து, பக்கவாட்டில் கீல் வைத்து, காந்தப் பிடியால் மூடும்படி அமைத்தோம். பூட்டு இல்லை, திருகாணி இல்லை. ஒரு விரலால் இழுத்தால் முழுவதுமாகத் திறந்துவிடும். உள்ளே மின்பெட்டியின் சொந்தக் கதவும் தடையின்றித் திறக்கிறது. முன்னால் ஒரு மீட்டர் இடத்துக்கு மட்டும் தரைப்பலகையைச் சற்றுக் கடும் நிறத்தில் போடலாம் என்று யோசனை சொன்னவர் அந்த வீட்டு அம்மா. அங்கே எதையும் வைக்கக் கூடாது என்பதை இப்போது வீட்டில் யாருக்கும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேலே ஒரு விளக்கும், கதவின் உட்புறத்தில் ஒரு ரோர்ச் லைற்றும் இருக்கின்றன. கீல் வைத்து மாட்டிய படச்சட்டமும் இதே வேலையைச் செய்யும், அது இலேசானதாகவும் ஒரே அசைவில் திறப்பதாகவும் இருந்தால். கழற்றி இறக்கி வைக்க வேண்டிய கனத்த கண்ணாடிப் படமோ, நகர்த்த இரண்டு பேர் தேவைப்படும் அலுமாரியோ அந்த வேலையைச் செய்யாது.

அந்தக் கதவுக்குள் தட்டுகள் அடித்து, சவர்க்காரத் தூள், பழைய பெயின்ற் வாளி, விளக்குமாறு ஆகியவற்றை வைப்பதும் கூடாது. சும்மா இருக்கும் இடம்தானே என்று நம்முடைய கை போகும்; போகவிடக் கூடாது. வெப்பத்தைக் கொண்டே இயங்கும் பிரேக்கரைச் சுற்றி வெப்பக்காப்புப் பஞ்சையோ நுரையையோ அடைப்பதும் தவறு.

நம்மவர் வீடுகளுக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மின்பெட்டிக் கதவின் முன்னாலேயே சாமித்தட்டு அமைத்திருக்கும் வீடுகளை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் முருகன் படத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கை அணைத்து, திருநீற்றுத் தட்டையும் பூக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, படத்தைக் கும்பிட்டு இறக்கிய பிறகே பேனலைத் திறக்க முடிந்தது. அந்த வீட்டுப் பெரியவரின் பக்தியை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் எண்ணெய் விளக்கும் கற்பூரமும் எரியும் இடமும், அவசரத்தில் ஓடிவந்து திறக்க வேண்டிய இடமும் ஒன்றாக இருக்க முடியாது. சாமித்தட்டைப் பக்கத்துச் சுவருக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன், அன்றே மாற்றினார்கள்.

மறைத்த பெட்டியில் இன்னொரு சிக்கல், அது தரும் அறிகுறிகளும் சேர்ந்து மறைந்துவிடுவது. பனிக்காலத்தில் வீட்டின் சூடான காற்று, வெளி மீட்டரிலிருந்து வயர்கள் வரும் குழாய்க்குள் ஏறிக் குளிர்ந்து நீராகி, துளித்துளியாகப் பெட்டிக்குள் இறங்குவதுண்டு. வெளிக்குழாயின் வாய் சரியாக அடைக்கப்படாவிட்டால் மழைநீரும் அதே வழியில் வரும். மெயின் பிரேக்கருக்குக் கீழே தகரத்தில் பென்சில் கோடு போல ஒரு பழுப்புக் கறை இறங்கியிருந்தால் அதுதான் முதல் அடையாளம். அடுத்தது மணம். பிரேக்கரின் பிளாஸ்ரிக் சூடேறும்போது பல வேளைகளில் மீன் கவிச்சி போன்ற ஒரு நாற்றம் வரும். நம் வீடுகளில் அதை யாரோ கருவாடு பொரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் விட்டுவிடுகிறார்கள். சமையல் நடக்காத நேரத்தில் அந்த நாற்றம் வந்தால், அல்லது பெட்டியில் இடைவிடாத ரீங்காரம் கேட்டால், உடனே ஆளை அழையுங்கள். மறைப்புக் கதவு போட்டவர்கள் மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து, மூக்கையும் கண்ணையும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். 1960களின் நடுப்பகுதியிலிருந்து 70களின் இறுதிவரை கட்டப்பட்ட வீடுகள் சிலவற்றில் அலுமினிய வயர் ஓடுகிறது. அதன் இணைப்புகள் தளர்ந்து சூடேறும் இயல்புடையவை என்பதால், அத்தகைய வீட்டுக்காரர்கள் சுவரை மூடுமுன் ஒவ்வோர் இணைப்பையும் சோதித்துக்கொள்வது நல்லது.

மின்பெட்டியையே வேறிடத்துக்கு நகர்த்த நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய வயர்கள் புதிய இடம்வரை எட்டாது. இடையில் இணைப்புப் பெட்டிகள் வைத்து நீட்டுவார்கள். அந்த இணைப்புப் பெட்டிகளை டிரைவாலுக்குள்ளோ முகட்டுக்குள்ளோ புதைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் திறந்து பார்க்கத்தக்க மூடி வெளியே தெரிய வேண்டும். ஒரு தகரப் பெட்டியை மறைக்கப்போய், முகடு முழுவதும் வெள்ளை மூடிகளோடு நிற்கும் வீடுகள் உண்டு. இருக்கும் இடத்திலேயே விட்டு, அழகான கதவு போடுவதுதான் பெரும்பாலும் மேல். சுவரை மூடுமுன் பெட்டியிலிருந்து முகட்டுக்கு ஒரு வெறுங்குழாயை ஏற்றி வைத்துவிட்டால், நாளைக்கு மின்கார் சார்ஜருக்கு வயர் இழுக்கச் சுவரை உடைக்க வேண்டியதில்லை. சிறுபிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பூட்டுப் போட விரும்புவோரிடம் நான் சொல்வது இது: தகர மூடி சரியாகப் பொருத்தப்பட்ட பேனலில் பிள்ளையின் விரல் படக்கூடிய மின்பகுதி எதுவும் வெளியே இல்லை. பிரேக்கர் இல்லாத இடங்களில் ஓட்டை தெரிந்தால்தான் ஆபத்து. அதை அடைக்கும் சிறு தட்டுகள் சில டொலருக்குக் கிடைக்கின்றன.

வெள்ளத்தையும் மறந்துவிடக் கூடாது. 2013 ஜூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானதும், 2024 ஜூலை 16ஆம் திகதி மறுபடியும் நகரம் மிதந்ததும் நம் நினைவில் இருக்கின்றன. அந்த நாட்களில் நிலக்கீழ்த் தளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, பேனலை அணைக்கப் போனதாக எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தரையில் தண்ணீர் நின்றால் உள்ளே இறங்காமல், மின்விநியோக நிறுவனத்தை அழைத்து வெளியிலிருந்தே துண்டிக்கச் சொல்லுங்கள்.

வாடகைக்கு விடுபவர்களுக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். 2022ஆம் ஆண்டின் சட்டமாற்றத்துக்குப் பின், ஒன்ராறியோவின் பெரும்பாலான நகரக் குடியிருப்புக் காணிகளில் மூன்று வீட்டு அலகுகள்வரை அமைக்க வழி திறந்திருப்பதால், இனி இன்னும் பல நிலக்கீழ்த் தளங்கள் வீடுகளாகும். பேனல் உரிமையாளரின் பூட்டிய பொருளறைக்குள், வாடகைக்காரர் கதவுக்கு அந்தப்பக்கம் என்று பல வீடுகளில் காண்கிறேன். அது நியாயமில்லை. அவர்களுடைய அறைகளுக்குரிய பிரேக்கர்களை அவர்கள் எந்த நேரத்திலும் அடையக்கூடியதாக இருக்க வேண்டும். குடிவரும் அன்றே ஆளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைக் காட்டி, மெயினை அணைத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்பதை ‘மேல் குசினி’, ‘கீழ் படுக்கையறை’ என்று தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு பகலில் வீட்டில் தனியே இருப்பவர் பல வீடுகளில் அம்மம்மாதான்.

கடைசியாக, வேலையை யார் செய்வது என்பது. ஒன்ராறியோவில் கூலிக்கு ஆள் வைத்து வீட்டு மின்வேலை செய்விப்பதானால், அவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தகாரராக இருக்க வேண்டும் என்பது சட்டம். தம் வீட்டில் தாமே செய்பவரும் மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, சுவரை மூடுமுன் பரிசோதகரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். நகரசபையிடம் வாங்கிய கட்டட அனுமதி இதற்குச் செல்லாது. இது வேறு, அது வேறு. நான் மேலே சொன்ன வீட்டில் அந்த எட்டுத் திருகாணிகளை முடுக்கியவர் இந்த அறிவித்தலைச் செய்திருந்தால், பரிசோதகர் அந்தப் பலகையை அன்றே கழற்றச் சொல்லியிருப்பார்.

இந்த இடத்தில் தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் விளம்பரப் பக்கங்களில் நிலக்கீழ்த் தளம் கட்டிக் கொடுப்போரின் விளம்பரங்கள் ஒவ்வொரு வாரமும் வருகின்றன. நம் மக்கள் ஆள் தேடுவதும் அங்கேதான். அவற்றில் ‘மின்வேலையும் செய்து தரப்படும்’ என்று போடுவோரிடம், 7இல் தொடங்கும் ஏழு இலக்க மின் ஒப்பந்தகாரர் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். எண்ணைத் தர மறுப்பவரின் விளம்பரத்தில் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிடுங்கள். பனிக்காலம் வருமுன் தளத்தைக் கட்டி முடிக்கப் பலர் அவசரப்படும் மாதங்கள் இவை என்பதால், அடுத்த இதழிலேயே இதைத் தொடங்க முடியுமானால் மிகவும் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ